முழுசாப் படிச்சீங்களா?

இணையத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் இன்றைக்கு ஊரில் ஒருத்தர்கூட இல்லை. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்கூட வாட்ஸ்அப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். பஸ் ஸ்டாண்டிலும் சலூனிலும் கல்யாணப் பந்தியிலும் நான் அடிக்கடி கேட்கிற அபிப்பிராயங்கள் மூன்று.

ஒன்று: “இந்த ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வந்துதானுங்க ஊரே கெட்டுப் போச்சு.”

இரண்டு: “கண்டதையும் எழுதறவனைச் சட்டம் போட்டு உள்ளே வெச்சா எல்லாம் சரியாப் போயிரும்.”

மூன்று: “நெட்டுல ஏத்திட்டா அழியவே அழியாதுங்க. பத்திரமா இருக்கும்.”

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கொஞ்சம்தான். எவ்வளவு என்று உரசிப் பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டாம். திருச்செங்கோடு போதும்.

திருச்செங்கோடு என்றதும் பலருக்கு ரிக் வண்டி ஞாபகம் வரும். நாட்டில் எந்த மூலையில் போர்வெல் போட்டாலும் அந்த வண்டியின் நெற்றியில் இந்த ஊர்ப் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. பத்திரிகைக்காரர்களுக்கு இன்னொரு ஞாபகமும் வரவேண்டும். ராஜாஜி 1925-ல் புதுப்பாளையத்தில் ஆரம்பித்த காந்தி ஆசிரமத்திலிருந்துதான் மதுவிலக்குப் பிரசாரத்துக்காக ‘விமோசனம்’ என்ற பத்திரிகை வந்தது. அதில் வேலை பார்த்தவர் கல்கி. ஆக, அச்சும் எழுத்தும் இந்த ஊருக்குப் புதுசில்லை.

மலைமேல் இருப்பவர் அர்த்தநாரீஸ்வரர். உடம்பில் சரிபாதியைப் பெண்ணுக்குக் கொடுத்தவர். மாதொருபாகன் என்பது அவருக்குள்ள பெயர்தான். அந்தப் பெயரில் பெருமாள்முருகன் எழுதிய நாவலை 2010-ல் காலச்சுவடு வெளியிட்டது. ஆங்கிலத்தில் 2013-ல் வந்தது. நாலு வருஷம் நாவல் தன்பாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது. யாரும் கொதிக்கவில்லை.

2014 டிசம்பரில் கொதித்தது. திருச்செங்கோட்டில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரி 9 அன்று கடையடைப்பு. 12-ம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. ஆசிரியர் நிபந்தனையில்லாத மன்னிப்பில் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஓரிரு நாளில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் தானே அறிவித்தார். பதிப்பாளர்கள் தன் புத்தகங்களை விற்க வேண்டாம், நஷ்டத்தைத் தானே கொடுக்கிறேன் என்றார். வாங்கியவர்கள் எரித்துவிடலாம் என்றார்.

இனி முதல் அபிப்பிராயத்துக்கு வருவோம். ஃபேஸ்புக் வந்துதான் கெட்டதா?

ஊருக்குள் வேலை செய்தது ஜெராக்ஸ். நாவலின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து விநியோகித்தார்கள். படித்தவருக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? குழந்தை இல்லாத பெண், தேர்த் திருவிழாவின் ஓர் இரவில் முன்பின் தெரியாத ஆணைச் சாமியாக நினைத்துக் கூடுகிற வழக்கம் பற்றிய பக்கங்கள் அவை. முன்னும் பின்னும் இல்லாமல் அந்தப் பக்கங்களை மட்டும் கையில் கொடுத்து, “உங்க ஊர்ப் பொம்பளைங்களைப் பத்தி எழுதியிருக்கான் பாருங்க” என்று சொன்னால் எவருக்கும் ரத்தம் சூடேறும்.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுப்பது, கணக்குக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது. பற்றுப் பக்கத்தை மட்டும் கிழித்துக் காட்டினால் கொழுத்த கம்பெனியும் திவால். வரவுப் பக்கத்தை மட்டும் காட்டினால் திவாலானவனும் குபேரன். எண்ணில் ஒன்றுகூடப் பொய் இருக்காது. ஆனால் மொத்தமும் பொய்.

நாவலை முழுசாகப் படித்தால் என்ன இருக்கிறது? சுதந்திரத்துக்கு முந்தைய காலம். காளி, பொன்னா என்று ஒரு குடியானவத் தம்பதி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகக் குழந்தை இல்லை. ஒருத்தர் மேல் ஒருத்தர் உயிர். ஆனால் ஊர் விடமாட்டேன் என்கிறது. விசேஷத்துக்குப் போனால் ஒரு பேச்சு, காட்டுக்குப் போனால் ஒரு பேச்சு. சொத்து யாருக்கு என்று ஒரு கேள்வி. வேண்டாத சாமியில்லை. மலை உச்சியில் வறடிக்கல்லைச் சுற்றி வருகிறார்கள். கால் இடறினால் எலும்பு மிஞ்சாத இடம்.

விமரிசகனாக ஒன்று சொல்லவேண்டும். நடுப்பகுதியில் இந்த வேண்டுதலும் ஏச்சும் திரும்பத் திரும்ப வருகின்றன. “போதுமய்யா, கதையை நகர்த்து” என்று தோன்றுகிற இடங்கள் உண்டு. கடைசிப் பக்கத்தை மூடிய பிறகுதான் அந்தத் திரும்பத் திரும்பவின் கணக்கு புரிகிறது. ஒவ்வோர் ஏச்சும் பற்றில் ஏறிய ஒரு வரி. திருவிழா இரவு அதன் கடைசி இருப்பு. அந்த இரவை நோக்கிப் பொன்னாவைத் தள்ளுவது ஊரும் உறவும்தான். பெற்ற தாயும் கூடப் பிறந்த அண்ணனும் பொய் சொல்லி அனுப்புகிறார்கள். புருஷன் சம்மதித்துவிட்டான் என்று நம்பித்தான் அவள் போகிறாள். விஷயம் தெரிந்த காளி, தன் கையால் நட்ட பூவரச மரத்தடியில் உடைந்து போகிறான். நாவல் அங்கே முடிகிறது.

அந்த வழக்கத்துக்குக் கொடி பிடிக்கிற புத்தகமா இது? குழந்தை இல்லாத பெண்ணை இன்றைக்கும் வளைகாப்புப் பந்தலில் ஓரமாக உட்கார வைக்கிற நம் எல்லோர் மேலும் உள்ள புகார் இது. ஜெராக்ஸில் வராமல் போனது அந்தப் புகார்தான்.

எதிர்ப்புத் தெரிவித்த எல்லோரையும் முட்டாள், கெட்டவன் என்று ஒதுக்கவும் எனக்குச் சம்மதமில்லை. நிஜமான ஊரின் பெயரைப் போட்டு எழுதிவிட்டு, இது கதைதானே என்று சொன்னால், “அப்ப எதுக்கு எங்க ஊர் பேரு?” என்று கேட்கிற உரிமை அந்த ஊர்க்காரருக்கு உண்டு. ஆதாரம் கேட்கலாம். மறுப்பு எழுதலாம். கூட்டம் போட்டுத் திட்டலாம். நாவலைவிடக் கனமாக இன்னொரு நாவல் எழுதலாம். கடையடைப்பைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது அந்த உரிமையில் சேராது.

ஜெராக்ஸ் மெஷின் செய்ததைத்தான் இன்றைக்கு ஸ்கிரீன்ஷாட் செய்கிறது. ஃபார்வர்டு செய்கிறது. வெட்டிய பத்து விநாடி வீடியோ செய்கிறது. வெட்டுகிற புத்தி பழசு. வேகம் மட்டும் புதுசு. அந்த வேகம் சாதாரணமானதில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி அது. அப்படி நாடு முழுக்கப் பல உயிர்கள் போன பிறகு, அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து சாட்டுகளுக்குமேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கம்பெனி பூட்டுப் போட்டது. 2020-ல் ட்விட்டர், ஒரு கட்டுரையைத் திறந்தே பார்க்காமல் பகிரப் போகிறவரிடம் “முதலில் படிக்கிறீர்களா?” என்று கேட்கும் வசதியைச் சோதித்துப் பார்த்தது. படிப்பதற்கு முன் பகிர்கிற பட்டனைக் கையில் கொடுத்தவர்களே, பிறகு வந்து பிரேக் பிடித்தார்கள். அதுவரையில் சந்தோஷம்.

இரண்டாவது அபிப்பிராயம். சட்டம் போட்டால் சரியாகிவிடுமா?

சட்டம் இருந்தது சார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. ‘எரிச்சலூட்டுகிற’, ‘அசௌகரியம் தருகிற’ பதிவுக்குக்கூட மூன்று வருஷம் வரை ஜெயில். யாருக்கு எரிச்சல், எவ்வளவு எரிச்சல் என்று சொல்லவில்லை. 2012 நவம்பரில், பால் தாக்கரே காலமானபோது மும்பை அடைக்கப்பட்டதைப் பற்றி மகாராஷ்டிராவின் பால்கரில் ஒரு பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். இன்னொரு பெண் அதற்கு ‘லைக்’ போட்டார். இருவரும் கைது. லைக் போட்டதற்குக் கைது! 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. அப்புறமும் பல ஸ்டேஷன்களில் செத்துப்போன அந்தப் பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள். இனி அதில் யார் மேலும் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாமக்கல்லில் கையெழுத்து வாங்கியது ஜனவரி 12. அன்றைக்கு 66ஏ உயிரோடுதான் இருந்தது. ஆனால் அது தேவைப்படவில்லை. அரசாங்கம் நாவலைத் தடை செய்யவில்லை. கோர்ட்டு உத்தரவு இல்லை. சில பக்க நகல், மூடிய கடைகள், ஒரு மேஜை, ஒரு பேனா. அவ்வளவுதான். ஓர் எழுத்தாளன் வாயை மூட இது போதும் என்றால், சட்டப் புத்தகத்தில் சுதந்திரம் எழுதியிருப்பதால் மட்டும் நாம் தப்பித்துவிட்டோம் என்று நினைக்கக்கூடாது.

அதேசமயம் சட்டமே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் ஐகோர்ட்டுக்குப் போனது. 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பு சொன்னது: அந்த அமைதிப் பேச்சு ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, தூக்கி எறிந்துவிடலாம். எழுத்தாளர் உயிர்த்தெழட்டும், எழுதட்டும். அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு எழுதவில்லை. நாவலை முழுசாகப் படித்து, அதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறார்கள். நான் படித்த நல்ல நாவல் விமரிசனங்களில் அந்தத் தீர்ப்புக்கும் ஓர் இடம் உண்டு.

மூன்றாவது: நெட்டில் ஏற்றினால் அழியாதா?

திருச்செங்கோட்டில் எரிந்தது சில பிரதிகள். மற்றவை வாங்கியவர் வீட்டு அலமாரியில் இருந்தன. எரித்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியரே சொன்ன பிறகும் இருந்தன. காகிதத்துக்கு அந்தப் பிடிவாதம் உண்டு. இதே கதை கிண்டிலில் எப்படி நடக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்று, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே ஒரு நாவலை அமேசான் ராவோடு ராவாக அழித்தது. எந்த நாவல் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’. அரசாங்கம் பழைய ஏடுகளைத் திருத்தி, அழித்துக்கொண்டே இருக்கிற கதை! காசு திரும்ப வந்தது. ஆனால் பள்ளிக்கூடப் பாடத்துக்காக அதில் ஒரு மாணவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனில்லாமல் போயின. அமேசான் முதலாளி பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கிவைத்துக் கேபிள் வழியாக மாற்றிக்கொள்கிற வசதியையும் அந்தக் கம்பெனி எடுத்துவிட்டது.

காரணம் எளிமையானது. நாம் வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கிற லைசென்ஸை. கணக்கு மொழியில் சொன்னால், அது உங்கள் சொத்துப் பட்டியலில் வராது; வாடகைக் கணக்கில்தான் வரும். வாடகைக்காரனைக் காலி செய்யத் தீ வேண்டாம். ஒரு பட்டன் போதும்.

அப்படியானால் இணையமே வேண்டாமா? யாழ்ப்பாண நூலகத்தைக் கேளுங்கள். 1981-ல் அது எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் நகல் இல்லாத சுவடிகளும் அதில் உண்டு. 2005-ல் ஆரம்பித்த ‘நூலகம்’ திட்டம், ஈழத்துப் புத்தகங்களை, பத்திரிகைகளை முழுசு முழுசாக ஸ்கேன் செய்து யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களுக்கு அதையே செய்தது. தன்னார்வலர்கள், சொந்த நேரம், சம்பளம் கிடையாது. ஒரு சர்வர் எரிந்தாலும் ஆயிரம் வீட்டில் பிரதி இருக்கும்.

ஆக, நகல் எடுப்பதில் இரண்டு வகை. பாதி நகல் ஆளைக் கொல்லும். முழு நகல் புத்தகத்தைக் காப்பாற்றும். இணையம் இரண்டையும் ஒரே சுறுசுறுப்போடு செய்து கொடுக்கும். அதற்கு வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த முறை உங்கள் போனில் ஒரு பக்கம் வந்து ரத்தம் சூடேறினால், அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “முழுசாப் படிச்சீங்களா?” பெரும்பாலும் பதில் வராது. வந்தால், அந்த முழுப் புத்தகத்தைக் கடன் கேளுங்கள்.

செத்துவிட்டதாக ஃபேஸ்புக்கில் அறிவித்த எழுத்தாளர் 2016-லேயே ‘கோழையின் பாடல்கள்’ தொகுப்போடும் ‘பூனாச்சி’ நாவலோடும் திரும்பி வந்துவிட்டார். 2023-ல் அவருடைய ‘பூக்குழி’ சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதே வருஷம் ‘ஆளண்டாப் பட்சி’க்கு ஜேசிபி பரிசு. மாதொருபாகன் இன்றும் கடையில் கிடைக்கிறது, முழுப் புத்தகமாக.

அந்த ஜெராக்ஸ் தாள்கள் யாரிடமாவது இருக்கிறதா என்று தெரியவில்லை.