ஊதியவர் ஒருவர், முகம் வேறொருவர்

1971 ஆகஸ்ட் 13 அன்று நியூயார்க்கில், தன் வீட்டு வாசலில் மூண்ட தகராறில் கத்திக்குத்துப் பட்டு இறந்தார் கிங் கர்ட்டிஸ். வயது 37. சோல் இசையின் முன்வரிசை சாக்ஸபோன் கலைஞர் அவர். 'கோஸ்டர்ஸ்' குழுவின் 'யாக்கெட்டி யாக்' (1958) பாடலில் திக்கித் திக்கித் துள்ளும் ஊதல் அவருடையது. அரீதா ஃபிராங்ளினின் 'ரெஸ்பெக்ட்' (1967) பாடலின் நடுவே எழும் சாக்ஸபோனும் அவருடையதே. பாடல்களை உலகம் அறியும், ஊதியவர் பெயரை அறிந்தவர் குறைவு. அறிந்தவர்களும் பேச்சைக் கத்தியிலிருந்தே தொடங்குகிறார்கள். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. காற்றுக் கருவிக் கலைஞர்களுக்கு நேர்கிற துயரம் அகால மரணத்தோடு முடிவதில்லை. அவர்களுடைய கலையை எந்த அளவுகோலால் நினைவில் வைத்தோம் என்பதில்தான் அது முழுமையடைகிறது.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தென்கிழக்கே கரிசல் காட்டைத் தாண்டினால் கோவில்பட்டி. அந்த ஊரோடு பெயர் பிணைந்துபோன நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கத்தியோ தகராறோ அவர் கதையில் இல்லை. ஆனால் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, வாசிப்பு உச்சத்தில் இருந்தபோதே போய்விட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த படம் 'கொஞ்சும் சலங்கை' (1962). எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரி ராகத்தில் அவர் வாசித்த 'சிங்காரவேலனே தேவா' கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. திரையில் நாகஸ்வரத்தை ஏந்தியிருந்தவர் ஜெமினி கணேசன். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜியின் விரல்களுக்குப் பின்னால் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். 'டூயட்' (1994) படத்தில் பிரபுவின் சாக்ஸபோனுக்குப் பின்னால் கத்ரி கோபால்நாத். மூச்சு ஒருவருடையது, முகம் வேறொருவருடையது. கர்ட்டிஸ் பாடகர்களின் குரலுக்குப் பின்னே நின்றார், நம்மவர்கள் நடிகர்களின் முகத்துக்குப் பின்னே நின்றார்கள்.

சினிமா இல்லையென்றால் காருகுறிச்சியை இத்தனை பேர் கேட்டிருப்பார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கச்சேரி சபாக்களுக்குள் கால் வைக்காத பல்லாயிரம் பேருக்கு நாகஸ்வரத்தைக் கொண்டு சேர்த்தது அந்தப் பாட்டுதான். ஆனால் வாசல் திண்ணையைப் பார்த்துவிட்டு வீட்டையே பார்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது. நாகஸ்வரத்தின் இயல்பான மேடை வீதி. ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற கோயில் ஊர்களில் சுவாமி புறப்பாட்டின்போது மேளம் நடந்துகொண்டே வாசிக்கும். தெருமுனையில் நின்று ஒரே ராகத்தை நேரம் போவது தெரியாமல் விரித்தெடுக்கும். ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தால் பெயர் பெற்றது இத்தகைய நீண்ட ஆலாபனையால்தான். கீழ்ச் சுருதிப் பாரி நாகஸ்வரத்தை அவர் நிலைநிறுத்தியதும் அந்த விரிவுக்குத் துணை செய்தது. வீதியில் அப்படி விரிந்த கலையைச் சில நிமிடச் சினிமாப் பாட்டை வைத்து அளப்பது, தேரை அதன் வடத்தை வைத்து அளப்பதற்குச் சமம்.

இன்னொரு மறுப்பும் உண்டு: காருகுறிச்சியின் கச்சேரிப் பதிவுகள் கிடைக்கின்றனவே, எதை இழந்தோம்? கிடைக்கின்றன என்பது உண்மை. ரசிகர்கள் அவற்றைப் பொத்திப் பாதுகாத்திருக்கிறார்கள். கர்ட்டிஸுக்கும் அப்படி ஒன்று உண்டு. 1971 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் தன் 'கிங்பின்ஸ்' குழுவோடு வாசித்தது, அவர் இறந்த அதே ஆகஸ்டில் இசைத்தட்டாக வந்தது. அதில் அவர் யாருக்கும் பின்னால் நிற்கவில்லை. ஆகவே பதிவு இல்லை என்பது நம் குறை அல்ல. இருப்பதைத் தேடிப் போகாததுதான் குறை. தேடிப் போகாததற்கு மரணக் கதையும் ஒரு காரணம். இளம் வயதில் போனார் என்றதும் மனம் இளகிவிடுகிறது. இளகிய மனம் ஒரு பாட்டைக் கேட்டுப் பெருமூச்சு விட்டால் கடன் தீர்ந்ததாக நினைத்துக்கொள்கிறது.

நடனக் கூடத்துச் சாக்ஸபோனையும் கோயில் நாகஸ்வரத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற தயக்கம் எழலாம். இசை இலக்கணம் வேறு, கேட்பவர் வேறு, மறுக்கவில்லை. ஆனால் வேலை நடக்கும் இடம் ஒன்று. சாக்ஸபோனில் உதடு கவ்வும் பட்டையும் நாணல், நாகஸ்வரத்தின் சீவாளியும் நாணல். வாயில் வைத்து ஈரப்படுத்தி இணக்கினால்தான் சீவாளி பேசும்; ஒன்று ஒத்துழைக்காவிட்டால் மாற்றிக்கொள்ள வேறு சில நாகஸ்வரத்திலேயே கட்டித் தொங்கும். விரலால் மட்டும் பிறக்காத கமகத்தை உதட்டின் அழுத்தமும் மூச்சின் அளவும்தான் பிறப்பிக்கின்றன. நடிகரின் விரலசைவு அந்த இடத்தை எட்டவே முடியாது. கேட்கிற காதுதான் எட்ட வேண்டும்.

அதற்கு ஒரு வழி உண்டு. காருகுறிச்சியை 1964இலிருந்து பின்னோக்கிப் பார்ப்பதை விட்டு, அவர் ஒரு ராகத்தைத் தொடங்கும் இடத்திலிருந்து முன்னோக்கிக் கேட்பது. பாட்டு வருமுன் நீளும் ஆலாபனையில் அவசரம் துளியும் இல்லை. சாவு பக்கத்தில் நிற்பது தெரிந்தவர் வாசிப்பாக அது ஒலிப்பதில்லை. விடிய நேரமிருக்கிறது என்று நம்பியவர் வாசிப்பாக ஒலிக்கிறது. அந்த நம்பிக்கையையும் சேர்த்துக் கேட்டால்தான் இழப்பின் உண்மையான நீளம் நமக்குத் தெரியும்.