ஒரே வாசகருக்கு இரண்டு அலமாரிகள்

அமெரிக்கப் பொது நூலகங்களில் மாயமும் காதலும் கலந்த நாவல்கள் புனைகதைப் பகுதியில் ஆசிரியர் பெயர் வரிசைப்படி நிற்கும். கேக், ரொட்டி செய்முறை நூல்களுக்கு டூயி நூற்பகுப்பு முறையில் 641 என்ற எண். அவை இருப்பது கட்டடத்தின் இன்னொரு கோடியில். எட்ட எட்ட வைக்கப்பட்டிருந்தாலும் இரண்டுக்கும் வாசகர் பல நேரங்களில் ஒருவரே. பெண்கள் பொழுதுபோக்குக்குப் படிப்பவை என்று இரண்டையும் விமர்சகர்கள் நெடுங்காலம் தொடாமல் விட்டார்கள். இந்தப் புறக்கணிப்பு எனக்கு ஏற்புடையதல்ல. நூலகரின் பரிந்துரைத் திறன் கடுமையாகச் சோதிக்கப்படுவது இந்த இரண்டு அலமாரிகளின் முன்னால்தான்.

பரிந்துரை அமெரிக்க நூலகங்களில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. 1982இல் பெட்டி ரோசன்பெர்க் துப்பறியும் கதை, காதல் கதை, அறிவியல் புனைகதை என்று வெகுஜன வகைகளுக்கெல்லாம் வழிகாட்டி நூலொன்றை எழுதினார். அந்த ரசனைக்காக எந்த வாசகரும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. சிக்காகோவை அடுத்த டவுனர்ஸ் குரோவ் நூலகத்தில் பணிபுரிந்த ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரவுனுடன் சேர்ந்து 1989இல் வெளியிட்ட நூல் பரிந்துரைக்கு ஒரு முறைமையைத் தந்தது. ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்பதோடு நிற்காதீர்கள், அது எப்படி ஈர்த்தது என்று கேளுங்கள் என்றார்கள் அவர்கள். வேகமா, பாத்திரங்களா, கதைப்போக்கா, கதை நிகழும் களமா? சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் இதையே நான்கு வாசல்களாகச் சொன்னார்: கதை, பாத்திரம், சூழல், மொழி. ஒவ்வொருவரும் ஒரு வாசல் வழியாகவே புத்தகத்துக்குள் போகிறார். அடுத்த புத்தகத்திலும் அந்த வாசல் அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.

ரெபெக்கா யாரோஸ் எழுதி 2023இல் வந்த ‘ஃபோர்த் விங்’ நாவலை எடுத்துக்கொள்வோம். டிராகன் மீதேறிப் போரிடக் கற்றுத்தரும் கல்லூரி, தேறாதவர்கள் சாகிறார்கள். நாயகி வயலெட் எளிதில் மூட்டு விலகும் உடல்வாகு கொண்டவள். தொடரின் மூன்றாம் பாகமான ‘ஓனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வெளியான முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றது. இப்படிப்பட்ட நூலுக்கு நூலகத்தில் முன்பதிவு செய்தால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ‘இதேபோல வேறு ஏதாவது கொடுங்கள்’ என்று வருபவரிடம் நல்ல நூலகர் உடனே புத்தகத்தை நீட்டமாட்டார், பேச்சுக் கொடுப்பார். கல்லூரியின் ஆபத்தில் லயித்தவருக்கு நவோமி நோவிக்கின் ‘எ டெட்லி எஜுகேஷன்’ (2020). அதிலும் பள்ளியே மாணவர்களைக் காவு வாங்குகிறது. டிராகனுக்கும் மனிதருக்குமான பந்தத்தை விரும்பியவருக்கு மோனிக்குவில் பிளாக்கூஸின் ‘டு ஷேப் எ டிராகன்ஸ் பிரத்’ (2023). பகைவர்களாகத் தொடங்கிக் காதலர்களாவதை ரசித்தவருக்கு கரிசா பிராட்பென்ட் எழுதிய ‘தி சர்ப்பென்ட் அண்ட் தி விங்ஸ் ஆஃப் நைட்’ (2022). கேள்வி ஒன்றுதான், விடை மூன்று. மூன்றாமவருக்குரியதை முதலாமவரிடம் கொடுத்தால் அது பத்துப் பக்கத்தோடு திரும்பி வந்துவிடும்.

வயதும் பார்த்தாக வேண்டும். சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015இல் இளையோர் நூலாக வெளிவந்தது. 2020இல் புதிய அட்டையோடு பெரியவர்கள் பகுதிக்கு மாறியது. அதில் உள்ள படுக்கையறைக் காட்சிகளுக்கு அதுவே பொருத்தமான இடம். யூட்டா மாநிலம் 2024 ஆகஸ்டில் பொதுப் பள்ளிகள் அனைத்திலிருந்தும் நீக்கச் சொன்ன 13 நூல்களில் 6 மாஸ் எழுதியவை. ஒரு மாநிலம் முழுவதற்குமாகத் தடை போடுவதைவிட, எந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று விவரம் தெரிந்து சொல்லும் ஒரு நூலகர் பெற்றோருக்கு அதிகம் பயன்படுவார்.

இனி, பேக்கிங் வாசனை வீசும் நாவல்களுக்கு வருவோம். டிராவிஸ் பால்ட்ரீ ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவர். ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ நாவலை 2022இல் தாமே வெளியிட்டார். அதே ஆண்டில் டோர் பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. வாள் வீசிக் களைத்த விவ் என்ற ராட்சசப் பெண், காப்பி என்றால் என்னவென்றே அறியாத ஊரில் காப்பிக்கடை திறக்கிறாள். எலி முகம் கொண்ட திம்பிள் அங்கே பட்டை மணக்கும் சுருள் ரொட்டி சுட வருகிறான். உலகம் அழியும் அபாயமெல்லாம் கிடையாது. கடை பிழைக்குமா, விவ்வும் கடையில் அவளுக்கு உதவும் டாண்ட்ரியும் மனம் திறந்து பேசுவார்களா என்பதே கதை. சாரா பெத் டர்ஸ்டின் ‘தி ஸ்பெல்ஷாப்’ (2024) நூலக வாசகருக்கென்றே எழுதியது போல இருக்கிறது. புரட்சியில் பற்றி எரியும் பெருநூலகத்திலிருந்து, பேசும் செடி ஒன்றின் துணையோடு, மந்திர நூல்களைப் படகில் ஏற்றித் தப்புகிறாள் கீலா. பிறந்த தீவில் ஜாம் விற்றுப் பிழைக்கத் தொடங்குகிறாள். பக்கத்து வீட்டுக்காரனோடு அரும்பும் நேசமும் மெதுவானது, மென்மையானது.

காதல் வேண்டாம், மாவும் மந்திரமும் போதும் என்கிற பதின்வயதினருக்கு டி. கிங்ஃபிஷரின் ‘எ விசார்ட்ஸ் கைட் டு டிஃபென்சிவ் பேக்கிங்’ (2020). 14 வயது மோனாவுக்கு மாவுப்பண்டங்கள் மட்டும் கட்டுப்படும். அவள் வளர்க்கும் புளித்த மாவுக்கு பாப் என்று பெயர். ராபின் மெக்கின்லியின் ‘சன்ஷைன்’ (2003) பழையது, ஆனால் மறக்கக்கூடாதது. விடியுமுன் எழுந்து ரொட்டி சுடும் பெண்ணுக்கும் ரத்தக்காட்டேரி ஒன்றுக்கும் இடையிலான கதை. இதைக் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பயம் அதிகம், காதல் முடிச்சு முழுதாக அவிழ்வதில்லை, அடுத்த பாகமும் இல்லை. சொல்லாமல் கொடுத்தால் வாசகர் ஏமாந்துபோவார்.

செய்முறை நூலுக்கும் இதே கேள்விமுறை செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அழகான படங்களைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். வந்தவர் நாளை மாலைக்குள் பிறந்தநாள் கேக் செய்ய வேண்டியவரா, ஞாயிறு முழுவதும் மாவோடு உட்காரத் தயாரானவரா, வெறுமனே படித்து மகிழ்பவரா? கிளேர் சாஃபிட்ஸின் ‘டெசர்ட் பெர்சன்’ (2020) தொடக்கத்திலேயே எல்லாக் குறிப்புகளையும் நேரம், கடினம் என்ற இரு அச்சுகளில் வரைபடமாகக் காட்டுகிறது. நேரம் குறைந்தவருக்கு இதைவிட நேர்மையான நூல் எனக்குத் தெரியவில்லை. ஏன், எப்படி என்று துருவுகிறவருக்கு நிக்கோலா லாம்பின் ‘சிஃப்ட்’ (2024). மாவும் சர்க்கரையும் முட்டையும் கொழுப்பும் என்ன வேலை செய்கின்றன என்பதை விளக்கிவிட்டே செய்முறைக்குப் போகிறது.

கிறிஸ்டினா சோவின் ‘மூன்கேக்ஸ் அண்ட் மில்க் பிரெட்’ (2021) சீன பேக்கரிப் பண்டங்களுக்கானது. 2022இல் இரண்டு ஜேம்ஸ் பியர்ட் விருதுகளைப் பெற்றது. மாவில் சிறு பங்கைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்ப்பதால் அதிலுள்ள பால் ரொட்டி நாள்கணக்கில் மெத்தென்று இருக்கும். ஏலக்காயும் குங்குமப்பூவும் தேடுகிறவருக்கு ஹேதல் வசவடாவின் ‘மில்க் அண்ட் கார்டமம்’ (2019). கென் ஃபோர்கிஷின் ‘ஃப்ளவர் வாட்டர் சால்ட் யீஸ்ட்’ (2012) ரொட்டிக்காரர்களின் செல்ல நூல்தான். ஆனால் கனத்த மூடி போட்ட இரும்புப் பாத்திரம் வேண்டும், புளித்த மாவுக்குக் கிலோக் கணக்கில் மாவு செலவாகும். முதன்முதலாகச் சுடுபவருக்கு நான் இதைத் தரமாட்டேன்.

அளவு கிராமில் இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. ஒரு கப் மைதாவைக் கரண்டியால் தளர அள்ளிப் போட்டால் சுமார் 120 கிராம். கப்பையே பைக்குள் விட்டு அழுத்தி மொண்டால் 140க்கும் மேல் போகும். அந்த 20 கிராமில் கேக் வறண்டுவிடும், பழி செய்தவர் மேல் விழும். ரோஸ் லெவி பெரன்பாம் ‘தி கேக் பைபிள்’ நூலில் 1988இலேயே எடையளவுகளை அட்டவணையாகத் தந்துவிட்டார். இன்றும் கப்பை மட்டும் நம்பும் நூல்கள் வருவது வருத்தமளிக்கிறது. நூலகப் பிரதிக்கு வேறொரு நன்மையும் உண்டு. விலை கொடுத்து வாங்குமுன் இரண்டு பண்டங்களைச் செய்து பார்த்துவிடலாம். கேக் சுடும் தட்டுகளையே இரவல் தரும் நூலகங்களும் அமெரிக்காவில் உண்டு.

வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் என்ற கருத்தை 1931இல் தம் ஐந்து நூலகவியல் விதிகளில் இரண்டாக வகுத்தவர் சீர்காழியில் பிறந்த சி.ரா. ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தபடி அவர் எழுதியதை அமெரிக்க நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்த விதிகளில் உயர்ந்த வாசிப்பு, தாழ்ந்த வாசிப்பு என்ற பாகுபாட்டுக்கு இடமில்லை.

அமெரிக்காவில் வாழும் தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் நூலகத்தில் வேண்டிய புத்தகம் இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள், வாங்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். பெரும்பாலான நூலகங்களில் அதற்கென்று படிவம் இருக்கிறது. முன்பதிவு கூடக் கூடப் பிரதிகளைக் கூட்டுவது பல நூலகங்களின் வழக்கம். நூலகரிடம் கேட்கும்போது புத்தகத்தின் பெயரோடு, போன புத்தகத்தில் உங்களுக்கு எது பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.