கறுத்த இரும்பின் சூடு

செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வீரர்கள் ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக நிற்கிறார்கள். பல்லவர் காலத்துக் கற்கள் பல அங்கே உண்டு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று அவற்றை நூலாகவே கொண்டுவந்தது. ஆநிரை மீட்டுச் செத்தவன் பெயர் கல்லில் இருக்கும், அவன் யாருடைய சேவகன் என்பதும் இருக்கும். குறுவாளை அடித்துக் கொடுத்த கொல்லனைப் பற்றிப் பேச்சே இராது. நம் ரசனையும் பெரும்பாலும் இப்படித்தான். கத்தியைப் பார்ப்போம், அடித்த கையைப் பார்க்க மாட்டோம்.

திருவண்ணாமலைச் சீமைக்கு இரும்பு புதிதில்லை. கவுத்திமலையிலும் வேடியப்பன்மலையிலும் தாது கிடக்கிறது. அதை வெட்டியெடுக்க வந்த திட்டத்தை ஊரார் எதிர்த்ததும் நாம் அறிந்ததே. தெற்கே கள்ளக்குறிச்சிப் பக்கம் மேல்சிறுவளூரில், மண் மூசையில் எஃகு உருக்கிய பழைய களத்தை 1990-களில் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டு எழுதினார். ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் லண்டன் வரை போனது இந்த வகை எஃகுதான்; விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் உட்கார்ந்து ஆராய்ந்ததும் இதைத்தான். இன்று கிராமத்துப் பட்டறைக்கு வந்து சேர்வது லாரியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங் பட்டை. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஜவ்வாது மலையில் புதர் வெட்டும் கொடுவாளுக்கு வேண்டியது பூவேலைப்பாடு அல்ல, உடையாத உரம்.

பட்டறையில் நான் ரசிப்பது அடியை. ஆசாரி உட்கார்ந்தபடியே இடக்கைக் குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு, வலக்கைச் சின்னச் சுத்தியலால் ஓரிடத்தைத் தட்டுவார். எதிரே நிற்பவர் சம்மட்டியை அதே இடத்தில் இறக்குவார். பல குடும்பங்களில் சம்மட்டி பிடிப்பது மனைவிதான். தட்டு, அடி, தட்டு, அடி. சின்னச் சுத்தியல் வெறும் பட்டடையில் கணீரென்று விழுந்தால் நிறுத்து என்று அர்த்தம். வாய்ப்பேச்சுக்கு அங்கே இடமில்லை. தாளம் என்று நாம் தலையாட்டுவது அவர்களுக்கு விரலைக் காக்கும் ஏற்பாடு.

காணொளி பார்த்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் உலை வைக்கும் இளைஞர்களிடம் இல்லாதது இந்த ஏற்பாடுதான். அவர்கள் படும் காயங்கள் பெரும்பாலும் சின்னவை, ஆளுக்கு ஆள் மாறாதவை. வேடிக்கை என்னவென்றால் அவற்றில் பல, நெருப்பில் படுபவை அல்ல. சிவந்த இரும்பை எவனும் தொடுவதில்லை. ஏறத்தாழ 500 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் இரும்பு வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும், ஆறிவிட்டது போல. தோல் வெந்துபோக 70 டிகிரி போதும். இடையில் இருக்கும் 400-க்கும் மேற்பட்ட டிகிரியும் கண்ணுக்குத் தெரியாத சூடு. கைதேர்ந்த ஆசாரி கீழே கிடக்கும் எந்தத் துண்டையும் நேரே எடுக்க மாட்டார். புறங்கையை அருகே கொண்டுபோவார். சுட்டாலும் புறங்கைதான் சுடும், பிடிக்கும் கை பிழைக்கும். சூடானதை வைக்க ஒரு மூலை, ஆறியதை வைக்க வேறொரு மூலை என்று பட்டறையைப் பிரித்து வைத்திருப்பவரைக் கண்டால், கத்தியைப் பார்க்காமலே அவருடைய வேலையை மதிக்கலாம்.

சுட்டுவிட்டால் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் வைத்தியம். இங்க், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். பாலியெஸ்டர் லுங்கியும் வேண்டாம். பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி கருகும், அவ்வளவுதான்.

அடுத்தது தோய்ச்சல். பழுத்த இரும்பை எண்ணெயில் இறக்கும்போது குப்பென்று தீப்பிடிக்கும். அதற்கு இரும்புத் தொட்டியும் மூடியும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் வாளி ஆகவே ஆகாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை உலைக்குள் விடுவதும் ஆகாது. அதன் புகையை முகர்ந்தவனுக்கு அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும்.

கிரைண்டர் வந்த பிறகு பட்டறையின் அழகும் கூடியது, ஆபத்தும் கூடியது. கல்லில் எஃகை வைத்ததும் பறக்கும் பொறியைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கரிமம் குறைந்த இரும்பில் பொறி நீளமாக, நேராக ஓடும். கரிமம் ஏறிய எஃகில் நுனியில் மத்தாப்பு போலக் கிளை விரிந்து வெடிக்கும். அந்தக் காட்சியைக் கண்ணாடி இல்லாமல் ரசிப்பது மடத்தனம். கண்ணில் ஏறிய துகள் சில மணி நேரத்திலேயே துருப்பிடித்து விழியில் வளையம் கட்டும். கசக்கவும் கூடாது, துணி நுனியால் எடுக்கவும் கூடாது, கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். நாலங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றுகிறது. வேலைக்கு இடைஞ்சல் என்று அதன் காப்பு மூடியைக் கழற்றி எறிகிறவர்களைப் பார்க்கிறேன். எவ்வளவு நல்ல கத்தி செய்தாலும் அவர்களைத் தொழில் தெரிந்தவர் என்று ஒப்ப எனக்கு மனம் வருவதில்லை. சுழலும் பஃப் அருகே கையுறையும் ஆகாது, தோளில் துண்டும் ஆகாது. துணியைப் பிடித்து இழுத்தால் கையும் கூடவே போகும்.

இதெல்லாம் இருக்க, உளியையும் சொல்ல வேண்டும். கருக்கரிவாளுக்குப் பல்பல்லாகக் கருக்கு வெட்டுவது பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை. அந்த உளியின் தலை அடிபட்டு அடிபட்டு விளிம்பு விரிந்திருக்கும். விரிந்த விளிம்பிலிருந்து ஒரு சில்லு தெறித்தால் முழங்கையில் புகுந்துகொள்ளும். நல்ல ஆசாரி அதை அவ்வப்போது சாணையில் தேய்த்துவிடுவார்.

கத்தி முடியும் தறுவாயில்தான் ரத்தம். பழகுநர் ஆசை தாளாமல் முதலில் கூர் தீட்டிவிட்டு, பிறகு பிடி போட உட்கார்கிறார். காம்பைப் பழுக்கக் காய்ச்சிப் புளியங்கட்டைக்குள் இறக்கும்போது வழுக்கினால், கை போவது தன் கூரின் மேலேயேதான். பிடிக்குத் துளை போடும்போது பட்டையை வைஸில் இறுக்காமல் கையால் பிடித்தால், துளைப்பான் அதைக் கவ்விச் சுழற்றிவிடும். பூணும் பிடியும் முடிந்த பிறகே சாணை. அதற்கு முன்பே கூர் வந்துவிட்டால் விளிம்பில் நாலு சுற்று டேப் ஒட்டலாம். கூர் பார்க்கும்போது கட்டைவிரல் விளிம்புக்குக் குறுக்கே போக வேண்டும், நெடுக ஓடக் கூடாது. கைதவறி விழும் கத்தியைப் பிடிக்கப் பாயாமல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக உலை வைக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். நல்ல பட்டடைக்குக் காசு சேர்ப்பதற்கு முன் ஒரு கண் கவசமும் தூசிக்கான முகமூடியும் வாங்குங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாமல் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு வாங்குவதில்லை.