ஆசிரியரின் இரு ஏடுகள்

தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவரான ஜூலியஸ் நைரேரேயை (1922–1999) அந்நாட்டு மக்கள் 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர், என்றே அழைத்தனர். 1943-இல் திருமுழுக்குப் பெற்ற அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான ஆய்வு 2005-இல் தொடங்கியது. அவரது ஆட்சியைப் பற்றிப் பேசுவோர் பலர். எழுத்துப்பணியைப் பேசுவோர் சிலரே. இரண்டையும் ஒருசேர நோக்கினால்தான் அவரது உயர்வும் குறையும் தெளிவாகின்றன.

ஆட்சிப் பொறுப்பின் நடுவே 1963-இல் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைச் சுவாகிலியில் வெளியிட்டார் நைரேரே. தம் மக்களின் மொழி எத்தகைய உயர்ந்த சிந்தனையையும் தாங்கவல்லது என்பதற்கு அந்நூல் சான்றாயிற்று. ஆயினும் அவர் அதில் நிறைவு கொள்ளவில்லை. 1969-இல் திருத்திய பதிப்பை வெளியிட்டார். சொல்லின்முன் பணிந்து நிற்கும் அப்பண்பு போற்றத்தக்கது.

அதே 1969-இல் வெளிவந்த 'வெனிஸ் வணிகன்' மொழிபெயர்ப்பில் அப்பணிவு சற்றே தளர்கிறது. நூலுக்கு அவர் இட்ட பெயர் 'மபெபாரி வா வெனிசி', அதாவது 'வெனிஸ் நகர முதலாளிகள்'. ஒரு வணிகன் ஒரு வர்க்கமாகிவிட்டான். அந்தோனியோவின் இனம்புரியாத துயரும் ஷைலாக்கின் காயமும் தலைப்பிலேயே தீர்ப்புக்குள்ளாகின்றன. இரண்டாண்டுகளுக்கு முன் அருஷா பிரகடனத்தில் சமதர்மத்தை அறிவித்த தலைவரின் கை இங்கே மொழிபெயர்ப்பாளரின் கையை முந்திக்கொண்டது.

மனிதர்முன் கொள்கையை நிறுத்திய அக்கை, ஆட்சியிலும் தன் வேலையைச் செய்தது. 'உஜமா' என்றால் குடும்ப உறவு. நூற்றுக்கு மேற்பட்ட இனக்குழுக்களை ஒரு நாடாக இணைத்ததும், முதியோர் கல்வியை ஊர்தோறும் பரப்பியதும் அக்கொள்கையின் நற்கனிகள். ஆனால் தொடக்கத்தில் விருப்பத்திற்கு விடப்பட்ட கூட்டுக் கிராம வாழ்வு, 1973-இல் கட்டாயமாயிற்று. இலட்சக்கணக்கான உழவர்கள் மூதாதையர் நிலத்தைவிட்டுப் பெயர்க்கப்பட்டனர். சில இடங்களில் அவர்தம் குடில்களுக்குத் தீயும் வைக்கப்பட்டது. 1962-ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிச் சிறைப்பட்டோரும் அவர் ஆட்சியில் இருந்தனர்.

ஏட்டில் எழுதிய சொல்லை ஆறாண்டுகளுக்குப் பின்னும் திருத்த முடிந்தது. எரிந்த குடிலைத் திருத்துவது எங்ஙனம்? அன்பினால் மட்டுமே விளையக்கூடிய குடும்ப உறவை ஆணையினால் விளைவிக்க முயன்றதே அவரது பெரும்பிழை.

எனினும் 1985-இல் தாமே பதவியைத் துறந்தார். தம் கொள்கைகளில் தவறுகள் நேர்ந்ததை ஒப்புக்கொண்டார். முதுமையில் நான்கு நற்செய்திகளையும் திருத்தூதர் பணிகளையும் சுவாகிலிச் செய்யுளாக்கி 1996-இல் வெளியிட்டார். ஆணையிட்டுப் பழகிய நா, இறுதியில் இறைவார்த்தைக்குத் தன்னை ஒப்படைத்தது.

பீடத்தில் ஏற்றப்படுவோரின் குறைகளை மூடிமறைப்பது பக்தியாகாது. நைரேரேயின் வாழ்வை ஆராய்வோர் அவரது செபத்தையும் எளிமையையும் எடைபோடும் அதே துலாக்கோலில், வீடிழந்த அந்த உழவர்களின் கண்ணீரையும் வைத்தல் வேண்டும். அவர்களும் அவர் நேசித்த குடும்பத்தின் உறுப்பினர்களே.