இடுகுறியும் காரணமும்: பிஎம்டபிள்யூ ‘ஜிஎஸ்’ பெயர்வரிசை – ஒரு மதிப்பீடு

முன்னுரை

மோட்டார் சைக்கிள்களின் மீது பொறிக்கப்படும் எழுத்துகளும் எண்களும் பொருளற்ற இடுகுறிகளாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுக்கும் நன்னூல் நெறி இக்குறியீடுகளை எந்த அளவுக்கு விளக்குகிறது என்பதை, ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனத்தது ‘ஜிஎஸ்’ வரிசையைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்தின் காரணம்

1980இல் ‘ஆர் 80 ஜி/எஸ்’ வெளிவந்தது. ‘ஜி’ என்பது கெலெண்டே, அதாவது சாலையற்ற கரட்டுநிலம். ‘எஸ்’ என்பது ஸ்ட்ராசெ, அதாவது சாலை. இரண்டற்கும் இடைப்பட்ட சாய்கோடு அணிக்காக இடப்பட்டதன்று. வெவ்வேறு வண்டிகளுக்கு உரியனவாகக் கருதப்பட்ட இரு பயன்களும் ஒரே வண்டியில் அமைந்தமையை அது உணர்த்தியது. ‘80’ என்னும் எண் ஏறத்தாழ 800 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொள்ளளவைச் சுட்டியது. ஆகவே இது காரணப்பெயரே.

1987இல் ‘ஆர் 100 ஜிஎஸ்’ வந்தபோது சாய்கோடு மறைந்தது. ‘எஸ்’ என்பதற்கு ‘ஸ்போர்ட்’ என்னும் விளக்கமும் வழங்கலாயிற்று. எழுத்து மாறவில்லை, அதன் காரணமே மாறியது.

காரண இடுகுறி

முள்ளுடைய செடிகள் பலவாயினும் ‘முள்ளி’ ஒரு செடிக்கே பெயராய் நிற்பதைக் காரண இடுகுறி என்பது இலக்கண மரபு. கரட்டுநிலத்திலும் சாலையிலும் ஓடும் வண்டிகளைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. எனினும் இவ்வகை வண்டிகளைப் பற்றிய பேச்சில் ‘ஜிஎஸ்’ என்றதும் நினைவுக்கு வருவது இவ்வொரு வரிசையே. இவ்வளவில் மரபிலக்கணம் நன்கு பொருந்துகிறது. ஆனால் முள்ளிக்கு முள் என்றும் காரணமாய் நிற்கும். வணிகப் பெயரின் காரணத்தையோ அதனை உடையவர் மாற்றியமைக்க இயலும். இந்நிலைக்கு மரபுப் பகுப்பில் இடமில்லை.

எண்ணின் பிறழ்வு

எண்ணில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. 2008இல் விற்பனைக்கு வந்த இரட்டை உருளை ‘எஃப் 650 ஜிஎஸ்’, ‘எஃப் 800 ஜிஎஸ்’ ஆகிய இரண்டின் எஞ்சினும் 798 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையன. முன்னதன் ஆற்றல் மட்டும் குறைவு. எனவே ‘650’ என்பது அங்கு அளவையன்று. வரிசையில் வண்டிக்குரிய படிநிலை. எனினும் அது அளவையின் தோற்றத்தைக் கைவிடவில்லை. எண்ணை அளவையென நம்பும் வாசகர் இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் கொள்வார். எழுத்தின் பொருள்மாற்றம் வரலாற்றுச் செய்தியாக நின்றுவிட, எண்ணின் பொருள்மாற்றம் வாங்குவோரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லவும் கூடும்.

நிறைவுரை

இக்குறியீடுகளை வெறும் இடுகுறி என ஒதுக்குவதும், ஒவ்வோர் எழுத்திற்கும் நிலையான ஒரு விரிவைத் தேடுவதும் ஒருங்கே குறைபாடுடையன. பெயரிட்ட காலத்துக் காரணம், பின்னர் ஏற்றப்பட்ட காரணம், வழக்கில் நிலைத்த பொருள் ஆகிய மூன்றையும் ஆண்டு முறைப்படி பிரித்துக் காண்பதே பெயராய்வுக்கு ஏற்ற நெறியாகும். நன்னூலின் பகுப்பு அதற்குத் தொடக்கமாக அமையும், முடிவாக அமையாது.