ஸ்பானிய வினைமுற்றில் அசையும் அழுத்தமும்

ஸ்பானிய மொழியின் அழுத்தக்குறியை எழுத்திலக்கணத்தின்பாற்படுத்து அமைவாருளர். அஃது எமக்கு உடன்பாடன்று. 'கந்தோ' என்பதன் முதலசை அழுத்தம் பெறின் 'பாடுகிறேன்' எனத் தன்மை நிகழ்காலமாம். ஈற்றசை பெறின் 'பாடினான்' எனப் படர்க்கை இறந்தகாலமாம். (அசை என்றது ஈண்டு ஒலியசையை, நேர்நிரையசையை அன்று.) அழுத்தம் இங்கு விகுதியின் தொழிலையே செய்கின்றது.

'வளர்த்தான்' எனப் பொருள்படும் 'க்ரியோ'வை ஸ்பெயின் நாட்டார் பலர் 'க்ரி-ஓ' என ஈரசையாகவும், மெக்சிகோ நாட்டார் பலர் ஓரசையாகவும் ஒலிப்பர். ஸ்பானிய அரச மொழிக்கழகம் 1999-இல் ஈரசையாக ஒலிப்பார்க்குக் குறியிட இசைவளித்து, 2010-இல் அதனை நீக்கிற்று. 'வளர்க்கிறேன்' என்னும் வடிவம் இகரத்தின்மேல் குறியோடு நிற்றலின் பொருள் மயங்காதென்பது மெய்யே. எனினும் 'பாடினான்' என்பதன் ஈற்றிலுள்ள குறி, அதே இடமும் காலமும் உணர்த்தும் 'வளர்த்தான்' என்பதில் இன்றாயிற்று. முன்னளித்த இசைவே தக்கதென்பது எம் துணிபு.