மன்னிப்பும் பொறுப்பும்

1998 ஜனவரியில், தம் அலுவலகத்தில் பணிபுரிந்த இளம்பெண்ணுடன் தகாத உறவு இல்லை என்று மறுத்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன், ஆகஸ்டில் அதனை ஒப்புக்கொண்டார்; செப்டம்பரில் சமயத் தலைவர்கள் முன்னிலையில் பாவ அறிக்கை செய்தார். மன்னிப்பு அரசியல் கருவியாக்கப்படுகிறது என இறையியலார் பலர் கண்டன அறிக்கையில் கையொப்பமிட்டனர். அதனையும், அதன்மேல் எழுந்த ஆதரவு, மறுப்புக் கட்டுரைகளையும் கேப்ரியல் ஃபேக்ர் 1999இல் ஒரே நூலாகத் தொகுத்தார். மறுப்போருக்கும் இடமளித்தமை இந்நூலின் சிறப்பு.

தாவீது அரியணையை இழக்கவில்லையே என்று அந்நாளில் பலர் வாதிட்டனர். உண்மையே. ஆயினும் 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் பாவம் நீக்கப்பட்டதை அறிவித்த நாத்தானே அதன் பின்விளைவையும் அறிவிக்கிறார். மன்னிப்பு பொறுப்பை நீக்குவதில்லை. இதனை வற்புறுத்தும் அளவில் கண்டன அறிக்கையை நாம் ஏற்கிறோம்.

எனினும் நாத்தானின் உவமையில் நடுநாயகமாக நிற்பது ஏழையின் ஆட்டுக்குட்டி. இவ்வழக்கிலோ தலைவரின் ஆன்மாவும் பதவியுமே பெரிதும் பேசப்பட்டன. அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய பெண்ணுக்கு ஊரார் ஏளனமே எஞ்சியது. 1999 பிப்ரவரியில் செனட் சபை தலைவரை விடுவித்தது. அப்பெண்ணுக்கு அத்தகைய விடுதலை கிட்டவில்லை. ஆள்வோருக்காக மன்றாடும் ஆயர், அவர்களால் தீங்குற்றோரை மறப்பாராயின், நாத்தானின் பணியில் பாதியையே செய்தவராவார்.